கண் திறப்பதற்குள்

என் மாமியாரை நினைத்தால் முதலில் அவளுடைய வலதுகைக் கட்டைவிரல்தான் எனக்கு ஞாபகம் வரும். முகமெல்லாம் அதற்கப்புறம்தான். அகலமான, நகம் தேய்ந்துபோன விரல் அது. முயல் குட்டியை அவள் காதைப் பிடித்துத் தூக்கமாட்டாள். பிடரித் தோலோடு அள்ளி, தொடைமேல் மல்லாத்திப் போட்டு, வாலுக்குக் கீழே கட்டைவிரலால் லேசாக ஒரு அழுத்து அழுத்துவாள். "பொட்ட" என்பாள். அடுத்ததை அள்ளுவாள். "ஆம்பள." நான் அந்த வீட்டில் இருந்தவரைக்கும் அந்த விரல் தப்பாகச் சொல்லிக் கேட்டதில்லை.

'அவர்' என்றுதான் எழுத வேண்டும். பெரியவள், செத்தும் போய்விட்டாள். இரண்டு முறை எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். எனக்கு வரவில்லை. 'அவள்' என்றே இருக்கட்டும்.

எண்பதுகளில் கள்ளிக்குப்பம் பக்கம் வீட்டுக்கு வீடு முயல் வளர்க்கிற பைத்தியம் பிடித்திருந்தது. பிள்ளைகள் அழும். அப்பன்காரன் ஞாயிற்றுக்கிழமை சந்தையிலிருந்து அட்டைப்பெட்டியில் இரண்டை வாங்கி வருவான். விற்றவன் ரெண்டுமே பொட்டை என்று தலையிலடித்துச் சத்தியம் செய்திருப்பான். கொஞ்ச நாளில் கட்டிலுக்கடியில், அரிசி டப்பாவுக்குப் பின்னால் எல்லாம் குட்டியாகக் கிடக்கும். அப்புறம் கூடையில் போட்டு மூடிக்கொண்டு என் மாமியாரைத் தேடி வருவார்கள். கொரட்டூரிலிருந்துகூட வந்திருக்கிறார்கள்.

வந்தவர்களை அவள் சும்மா அனுப்பமாட்டாள்.

"வாங்கும்போது பாக்க மாட்டீங்கோ. ஊடு பூரா குட்டி போட்டப்பறம் என்னாண்ட தூக்கினு வருவீங்கோ. சொல்றத்த கேட்டுக்கோ. கண்ணால பாத்துக்கட்டும், மூஞ்ச மோந்துக்கட்டும், தப்பில்ல. நடுவுல கம்பி இருக்கணும். கம்பி இல்லன்னா, நீ ஒரு தபா தும்மறதுக்குள்ள முடிஞ்சிடும்."

எதிர்வீட்டம்மா ஒருநாள், "ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுக்கா. அண்ணன் தங்கச்சி. ஒண்ணா வுட்டா இன்னா ஆயிடப்போவுது?" என்று கேட்டாள்.

"அதுங்களுக்கு இன்னா ரேசன் கார்டா கீது, அண்ணன் தங்கச்சின்னு எழுதி வெக்கறதுக்கு? குட்டி பால மறந்ததும் பிரிச்சுடு. தாயாண்டகூட ஆம்பளக் குட்டிய வுடாத."

லவ் பேர்ட்ஸ் வைத்திருந்தவர்களுக்கும் யோசனை சொல்வாள். மூக்குக்குமேல் நீலமாக இருந்தால் ஆண், பழுப்பாக இருந்தால் பெண். அதைப் பிரிக்கக்கூட வேண்டாம், கூண்டுக்குள் தொங்குகிற மண்பானையை எடுத்துவிட்டால் போதும் என்பாள். "பானை இல்லன்னா முட்ட வெக்காது. எடமே இல்லாம எங்க வெக்கும்?" இதைச் சொல்லும்போது அவளுக்கு ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு எதற்கென்று அந்த வீட்டுக்கு நான் வந்து கொஞ்ச நாள் கழித்துத்தான் புரிந்தது.

அவளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் என் கணவர், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை. இளையவள் என் நாத்தனார். எனக்கு முன்னால் கல்யாணமாகிப் பூந்தமல்லிக்குப் போனவள், புருஷன் வேன் ஓட்டுகிறவர். முயல்களெல்லாம் அவள் கன்னியாக இருந்தபோது ஆசைப்பட்டு வாங்கியவை. அவள் போனபிறகும் மாமியார் அவற்றை யாருக்கும் கொடுக்கவில்லை. "எம் பொண்ணு வளத்தது. அவுளுக்குக் கொயந்த பொறந்தா வெள்ளாட வோணும்" என்பாள். ஆக, இருப்பது இருக்க வேண்டும், ஒன்றுகூடப் பெருகக் கூடாது. பின்பக்கம் சுவரோடு சேர்த்து வரிசையாகக் கூண்டுகள், ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவில் இரட்டைக் கம்பிவலை. காலையில் ஆண்கள் முற்றத்தில் ஓடும். அவற்றை அடைத்துப் பூட்டியபிறகு சாயங்காலம் பெண்கள் ஓடும்.

நான் வந்த முதல் வாரமே பார்த்துவிட்டேன். பிரிப்பதற்கு முன்பே சினையாகியிருந்த ஒரு பெட்டை, துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஈன்றிருந்தது. தன் வயிற்று மயிரைத் தானே பிடுங்கி மெத்தை போட்டிருந்தது. உள்ளே குட்டிகள் மயிரில்லாமல், கண் மூடி, சிவப்பாக நெளிந்துகொண்டிருந்தன. நான் புதுப்பெண், மஞ்சள் கயிறு ஈரம் காயாதவள், குனிந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அலுமினியக் குண்டானில் தண்ணீர் எடுத்து வந்தாள். மெத்தையோடு அள்ளி உள்ளே போட்டாள். மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து, தட்டின்மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்துவிட்டு, சோறு வடிக்கப் போய்விட்டாள்.

நான் அங்கேயே நின்றேன். வடித்துவிட்டு வந்து என்னைப் பார்த்தாள்.

"இன்னா பேயறஞ்ச மாரி நிக்கற? கண்ணு தொறக்கறதுக்குள்ள போய்டணும். தொறந்து ஒரு தபா ஒன்ன பாத்துட்சின்னா அப்பால பாவம் ஒட்டிக்கும். இப்ப ஒண்ணுமில்ல."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் மறுசோறு போட்டுக்கொண்டாள்.

எங்கள் வீட்டில் ஒரு கூடம், ஒரு சமையலறை, கல்யாணத்துக்காக வெள்ளையடித்த ஒரு சின்ன அறை. மறுவீட்டுக்கு ஆவடிக்குப் போய்விட்டு வந்தபோது அந்தச் சின்ன அறையில் கூரை முட்டும் அளவுக்கு வைக்கோல் அடுக்கியிருந்தது. மழைக்காலம் வருகிறதாம், நனைந்த வைக்கோல் முயலுக்கு ஆகாதாம். பார்த்ததும் எனக்கு மண்பானைதான் ஞாபகம் வந்தது. அவர் கூடத்தில் படுத்தார், நான் சமையலறையில் படுத்தேன். சமையலறை வாசற்படிக்குக் குறுக்கே அவள் பாய் விரித்துப் படுத்தாள். தலையணை இல்லாமல், வலதுகையை மடித்துத் தலைக்குக் கொடுத்துப் படுப்பாள். நான் தண்ணீர் குடிக்க எழுந்தாலும் "இன்னா?" என்பாள்.

என் கணவர் நல்லவர். இதைத் தவிர அவரைப்பற்றிச் சொல்ல அப்போது ஒன்றும் இல்லை. "அம்மா மனசு கஷ்டப்படும், கொஞ்ச நாள் பொறு" என்பார். பட்டறையில் இரும்பைக் கடைகிறவர், அம்மாவுக்கு முன்னால் வெண்ணெயாக உருகுவார்.

ஒருநாள் முயலுக்கு முருங்கைக் கீரை உருவிக்கொண்டே அவளே காரணத்தைச் சொன்னாள். ஒளித்தெல்லாம் சொல்லவில்லை, விலைவாசி பேசுகிற மாதிரி சொன்னாள்.

"எம் பொண்ணு ஒனக்கு மின்னாடி கண்ணாலம் ஆயிப் போனா. அவ வயித்துல ஒண்ணு தங்கட்டும். அத்துக்கு மின்னாடி இந்த ஊட்ல தொட்டில் கட்னா, அவ எப்டி இந்த வாசப்படி ஏறுவா? நீ இன்னா, எங்க ஓடிடப்போற. அப்பறம் பெத்துக்கோ."

"அப்புறம்னா எப்ப அத்தை?"

"தங்கட்டும்னு சொன்னேன்ல?"

ஆடி பிறந்தது. எல்லா வீட்டிலும் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவார்கள், சித்திரையில் பிள்ளை பிறக்கக் கூடாதென்று. என்னையும் அனுப்பினாள். ஆவடியில் அப்பா பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார், குவார்ட்டர்ஸ் வீடு. ஆடி முடிந்து ஆவணி வந்தது, அழைக்க யாரும் வரவில்லை. புரட்டாசியும் வந்தது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் அம்மாவிடம் ஒருமாதிரி விசாரிக்க ஆரம்பித்தார்கள். அம்மா என்னிடம் ஒன்றும் கேட்காமல் பாத்திரங்களைத்தான் சத்தமாக வைத்தாள்.

என் கணவர் மட்டும் ஓவர்டைம் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மின்சார ரயிலில் வருவார். கட்டிய பெண்டாட்டியைப் பார்க்கத் திருட்டுத்தனமாக வந்தவர் உலகத்திலேயே அவர் ஒருத்தராகத்தான் இருக்க வேண்டும். ஒரு ஞாயிறு என் வீட்டார் எல்லோரும் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தார்கள். மாமியார் பாஷையில் சொன்னால், கம்பி இல்லாத நேரம்.

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் அப்பாவே என்னைக் கொண்டுபோய்க் கள்ளிக்குப்பத்தில் விட்டுவிட்டு வந்தார். நான் குடத்தை இடுப்பில் வைத்தபோது ஒரு கணம் நின்று மூச்சு வாங்கினேன், அவ்வளவுதான். கூண்டு கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எத்தினி நாளா?"

சொன்னேன். அவள் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மகன் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவர் சட்டென்று செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாளிலிருந்து எனக்கு உபசாரம் ஆரம்பித்தது. எள்ளுருண்டை பிடித்துக் கொடுத்தாள். பப்பாளி வாங்கி வந்து தோல் சீவிக் கொடுத்தாள். எதிரில் உட்கார்ந்து நான் விழுங்கும்வரை பார்த்தாள். "துன்னு, ஒடம்புக்கு பெலம்" என்றாள். எள் எதற்கென்று எனக்குத் தெரியாதா? ஆவடியில் என் அம்மா என்னை எள் டப்பாவைத் தொடக்கூட விடவில்லை. வேண்டாம் என்று தள்ளினால், "புருசன் ஊட்டுச் சோறு எறங்கல, அம்மா ஊட்டுச் சோறுதான் எறங்குதா?" என்று தெருவுக்குக் கேட்கும்படிக் கத்துவாள். ஈர வைக்கோலைத் தூக்கச் சொன்னாள். கூண்டுகளை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நகர்த்தச் சொன்னாள். ஒருநாள் கழித்துத் திரும்பப் பழைய இடத்துக்கே நகர்த்தச் சொன்னாள்.

தெருவில் சரவெடி வெடித்துக்கொண்டிருந்த காலையில் எனக்குக் கலைந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் எள்ளைப்பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் இல்லம்மா. முதல் மூணு மாசத்துல சில பேருக்குத் தானாவே ஆவும். மனசுல வெச்சுக்காத" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கொடுத்தவள் அதை நம்பித்தானே கொடுத்தாள். எனக்கு அது போதும்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் எனக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள், பூண்டு ரசம் கரைத்துக் கொடுத்தாள், கால் அமுக்கிவிட்டாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தேன். என் தலைமேல் கைவைத்துத் தடவினாள்.

"கண்ணு தொறக்காதது. அத்துக்குப் போயி இன்னாத்துக்கு இப்டி அழுவுற?"

நெஞ்சறிய ஆறுதலாகத்தான் சொன்னாள். குத்திக்காட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

நாத்தனாரைப்பற்றிச் சொல்லியாக வேண்டும். அவள்மேல் எனக்குக் கோபம் இருந்ததே இல்லை. பயந்த பெண், வாயில்லாப் பூச்சி. என் மாமியாருக்கு அவள்தான் உயிர். ஆடிக்கு அழைத்து வந்தால் அனுப்ப மனசே வராது. ஆவணியில் இளைத்துப்போயிருக்கிறாள் என்பாள். புரட்டாசியில் சனிக்கிழமை விரதம் என்பாள். மார்கழியில் குளிர் என்பாள். குழந்தை வரம் வேண்டி ஒரு மண்டலம் விரதம் என்று எங்கோ கேட்டுக்கொண்டு வந்து, அவளைத் தன் பக்கத்திலேயே தனிப்பாயில் படுக்க வைத்துக்கொண்டாள். அரசமரத்தில் மகள் கையால் தொட்டில் கட்டவைத்தாள். மருமகன் பெண்டாட்டியை அழைத்துப்போக வந்து திராட்சைப் பையோடு வாசலில் நிற்பார். "வெரதம் முடியட்டும் மாப்ள" என்று திராட்சையை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வாள். விரதம் முடிந்தால் இன்னொரு விரதம் வந்துவிடும்.

ஊரிலிருக்கிற முயலுக்கெல்லாம் கணக்குச் சொல்கிற பொம்பளைக்கு இது தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. நாக்கு நுனிவரைக்கும் வந்தது. என் கணவரிடம் மட்டும் ஒருமுறை, "உங்க அம்மா உங்க தங்கச்சியையும் தனிக் கூண்டுலதான் வெச்சிருக்காங்க" என்றேன். அவர் காது கேட்காதவர் மாதிரி சட்டைக்கு பட்டன் போட்டுக்கொண்டார்.

அந்த வருஷம் ஒரு பெட்டை முயல், ஆணின் வாசனையே படாமல் தனியாக இருந்தது, திடீரென்று வைக்கோலை வாயில் கவ்விக்கொண்டு மூலைக்கு மூலை அலைந்தது. நெஞ்சு மயிரைப் பிடுங்கி மெத்தை போட்டு அதன்மேல் படுத்துக்கொண்டது. நாத்தனார் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ம்மா, இது சினையா கீதா? ஆம்பளையே வுடல, எப்டிம்மா?"

"பொய்ச் சினைடி. ஏக்கத்துல வர்றது. உள்ள ஒண்ணும் இருக்காது. ரெண்டு நாள்ல சரியாப்பூடும்" என்றாள் அம்மாக்காரி.

மகள் கம்பிக்குள் விரல் விட்டு, பிடுங்கிப் போட்டிருந்த மயிரைக் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

இப்படியே இரண்டு ஆடி போயிற்று. நான் இன்னும் சமையலறையில்தான் படுத்திருந்தேன். அப்போதுதான் எதிர்வீட்டம்மா பூந்தமல்லியில் ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டு அந்தச் சேதியைக் கொண்டுவந்தாள். நாத்தனார் புருஷனுக்கு அங்கே இன்னொரு வீடு இருக்கிறது, அந்தப் பொண்ணுக்கு ஐந்தாம் மாசம். சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

என் மாமியார் தெருவில் இறங்கி மண்ணை வாரி வீசினாள். மருமகன் விளங்கமாட்டான் என்றாள், அந்தப் பொம்பளை வயிறு வெடிக்கும் என்றாள். மூச்சு வாங்கி நின்றவள் கடைசியில் என்னைப் பார்த்து, "ஒன் கண்ணுதாண்டி. ஒனக்குக் கலஞ்ச வயித்தெரிச்சல்தான் எம் பொண்ணு குடியக் கெடுத்துச்சி" என்றாள். தெருவே பார்த்தது. நாத்தனார் அழக்கூட இல்லை, எழுந்து பின்பக்கம் கூண்டுகளிடம் போய்விட்டாள்.

ஒரு மாசம் போயிருக்கும். காலையில் தீனி போடப் போன மாமியார் கத்தினாள். பொய்ச் சினை பார்த்த அதே பெட்டை ஈன்றிருந்தது. இந்த முறை மெத்தைக்குள் குட்டிகள் நெளிந்தன.

"கம்பிய யாருடி எடுத்தது? யாரு ஆம்பளைய வுட்டது?"

என்னைத்தான் கேட்டாள். கேட்டுக்கொண்டே குண்டானில் தண்ணீர் பிடித்தாள். கேள்விக்குப் பதில் வருவதற்குள் வேலை முடிந்துவிட வேண்டும் அவளுக்கு. குண்டானோடு திரும்பியபோது கூண்டுக்கு முன்னால் நாத்தனார் நின்றிருந்தாள்.

"தள்ளுடி. கண்ணு தொறக்கறதுக்குள்ள போடணும்."

"நான்தாம்மா வுட்டேன்."

"இன்னாத்துக்குடி?"

"தனியா கெடந்து மயிரப் புடுங்கினு இருந்துச்சி. நீதான ஏக்கம்னு சொன்ன."

"பைத்தியமாடி ஒனக்கு? நவுரு."

அவள் நகரவில்லை. அந்தப் பெண் அம்மாவை எதிர்த்துப் பேசி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். குரலைக்கூட உயர்த்தவில்லை.

"என்னையும் நீ இப்டித்தானேம்மா வெச்ச. ஆடின்னு வெச்ச. வெரதம்னு வெச்ச. அவுரு வந்து வாசல்ல நின்னாரு, பாத்துக்கினேன். எடமே இல்லாம எங்கம்மா தங்கும்?"

குண்டானிலிருந்து தண்ணீர் தளும்பி மாமியார் புடவையில் வழிந்தது. இரண்டு வருஷமாக நான் நாக்கில் வைத்திருந்ததை அந்த வாயில்லாப் பூச்சி சொல்லிவிட்டது. மாமியார் குண்டானைத் துவைக்கிற கல்மேல் வைத்துவிட்டு அப்படியே கீழே உட்கார்ந்தாள். தன் வலதுகையைப் புடவையில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். அவளைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்ததா என்று பிற்பாடு பலர் கேட்டிருக்கிறார்கள். இல்லை.

வேலைக்குக் கிளம்பி நின்ற என் கணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தார். சின்ன அறைக்குள் போய் வைக்கோலைக் கட்டுக்கட்டாக இழுத்துத் தெருவில் போட்டார். அன்றைக்குப் பட்டறைக்குப் போகவில்லை. தை பிறந்ததும் அயனம்பாக்கத்தில் ஒரு வாடகை வீடு பார்த்துக்கொண்டு நாங்கள் தனியாகப் போனோம். நாத்தனார் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்தக் குட்டிகள் கண் திறந்து, வளர்ந்து, கூண்டுகள் பற்றாமல் போயின. அதற்கப்புறமும் யாராவது கூடையோடு வந்தால் மாமியார் பிரித்துக் கொடுப்பாள் என்றுதான் கேள்வி. யோசனை மட்டும் சொல்லமாட்டாளாம்.

அடுத்த வருஷம் எனக்கு மகள் பிறந்தாள். மறுநாள் பார்வை நேரத்தில் மாமியார் வந்தாள். பிளாஸ்க்கில் வெந்நீர், பழைய வெள்ளைப் புடவையைக் கிழித்து மடித்த துணி, விபூதிப் பொட்டலம். என் அம்மா எழுந்து இடம் விட்டாள். குழந்தை என் பக்கத்தில், சுற்றிய துணிக்குள் சிவப்பாகத் தூங்கிக்கொண்டிருந்தது. மாமியார் குனிந்து பார்த்தாள். இரண்டு கையையும் நீட்டினாள். அந்தக் கட்டைவிரல் சுற்றிய துணியின் ஓரத்தைத் தொட்டது.

"குடும்மா. ஒரு தபா."

நான் குழந்தையை என் பக்கமாக இழுத்துக்கொண்டேன்.

"கண்ணு தொறக்கட்டும் அத்தை. அப்புறம் தரேன்."

என் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏண்டி, தூங்கற குழந்தை, பாட்டி தூக்கினா என்ன?" என்றாள். மாமியாருக்குப் புரிந்துவிட்டது. நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்றாள். பக்கத்துக் கட்டில்காரி உட்காரச் சொன்னாள், அவள் உட்காரவில்லை. குழந்தை நன்றாகத் தூங்கியது. பார்வை நேரம் முடிந்ததென்று மணி அடித்தார்கள். அவள் பிளாஸ்க்கை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.